நிலையான கட்டுத்துறை இல்லாமல் கால்வாய்ப் படகில் முதல் குளிர்காலம்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

கேள்வி: கால்வாய்க்கரை

வணக்கம். நானும் என் கணவரும் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வரும் செப்டம்பரில் 57 அடி நேரோபோட் (குறுகிய கால்வாய்ப் படகு) ஒன்றை வாங்கி, கிராண்ட் யூனியன் கால்வாயில் அதிலேயே குடியிருக்க எண்ணியுள்ளோம். படகை நிரந்தரமாகக் கட்டி வைக்கும் கட்டுத்துறைக்குப் பணம் கட்டாமல், 14 நாட்களுக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் உரிமத்தை எடுக்கப் போகிறோம். கோடையில் ஒரு வாரம் வாடகைப் படகில் சென்றதால் லாக்குகளை (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் கதவுத் தொட்டிகளை) திறந்து மூடப் பழகிவிட்டோம். ஆனால் டிசம்பரிலும் ஜனவரியிலும் தண்ணீர், கழிவறை, வெப்பம், மின்சாரம் ஆகியவற்றை அன்றாடம் எப்படிச் சமாளிப்பது என்பது தெரியவில்லை. கணவர் படகிலிருந்தே கணினியில் வேலை செய்வார்.

பதில் 1: ஆறு குளிர்காலம்

உங்கள் கவலை சரியான இடத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் படகை நகர வைப்பது 14 நாள் விதியைவிட, தண்ணீர்த் தொட்டியும் கழிவுப்பெட்டியும்தான். கேசட் வகைக் கழிவறையில், கழற்றி எடுத்துச் செல்லும் கழிவுப்பெட்டி ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும். இருவர் இருந்தால் மூன்று, நான்கு நாட்களில் நிறைந்துவிடும். கால்வாயோரத்தில் அதற்கென உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். கால்வாய் உறைந்து படகு ஒரு வாரம் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே யோசியுங்கள். கூடுதலாக இரண்டு பெட்டிகள் வைத்திருப்பதே எங்கள் வழி. உறைபனி வரும் என்று அறிவித்த உடனே தண்ணீரை நிரப்பிவிடுவோம், ஏனெனில் கரையில் உள்ள குழாய்களும் உறைந்துவிடும். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு படகை ஓட்ட வேண்டாம். உடைந்த பனிக்கட்டியின் விளிம்பு, நீர்மட்டத்தில் உள்ள தார்ப்பூச்சை உங்கள் படகிலும் அருகில் கட்டியிருக்கும் படகுகளிலும் சுரண்டிவிடும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஏமாற்றமில்லாமல் தெரிந்துகொள்ளுங்கள். கூரையில் உள்ள சூரியத் தகடுகள் ஜூனில் தேவைக்கு மேல் தரும். டிசம்பரில் ஒரு மடிக்கணினிக்கே போதாத நாட்கள் வரும். ஆகவே நாள்தோறும் சில மணி நேரம் என்ஜினை ஓட்டித்தான் பேட்டரிகளை நிரப்ப வேண்டும்; அதையும் மற்ற படகுகளுக்கு அருகில் இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை செய்யக் கூடாது. நாங்கள் இட்லி மாவு அரைப்பதையும் துணி துவைப்பதையும் என்ஜின் ஓடும் நேரத்துக்கே வைத்துக்கொள்கிறோம். நிலக்கரி, டீசல், எரிவாயு உருளை ஆகியவற்றை விற்றுக்கொண்டு எரிபொருள் படகுகள் கால்வாயிலேயே வரும். அவர்கள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் மூட்டையைத் தோளில் சுமக்கும் வேலை மிச்சம்.

பதில் 2: அடுப்பங்கரை

ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன், தங்கையே. இரவு முழுவதும் கரி அடுப்பு கனன்றுகொண்டிருக்கும் சிறிய இரும்பு அறையில்தான் உறங்கப் போகிறீர்கள். தங்கும் வசதியுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்க வேண்டும் என்பது 2019 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சான்றிதழுக்கான நிபந்தனை. கருவி இருந்தாலும் அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சோறு வடிக்கும்போதும் இட்லி அவிக்கும்போதும் எழும் ஆவி குளிர்ந்த சன்னல் சட்டங்களில் நீராகி வழிந்து, மெத்தையின் அடியில் பூஞ்சையாகும். சமைக்கும்போது கூரைத் திறப்பை ஒரு சாண் அளவாவது திறந்து வையுங்கள்.

பதில் 3: பிரான்ஸ்டன் பயணி

பாதையைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். காஸ்க்ரோவ் லாக்குக்கும் ஃபென்னி ஸ்ட்ராட்ஃபர்டு லாக்குக்கும் இடையில் மில்டன் கீன்ஸைச் சுற்றிச் செல்லும் நீண்ட பகுதியில் லாக்கே இல்லை. அங்கேயே முன்னும் பின்னும் நகர்ந்து ஆண்டைக் கழித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் கால்வாய்ப் படகுகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் உண்மையான பயணத்தை எதிர்பார்க்கிறது. ஆண்டு முழுவதும் 20 மைலுக்கும் குறைவான எல்லைக்குள் இருப்பதை, கால்வாய்களை நிர்வகிக்கும் கால்வாய் அறக்கட்டளை பெரும்பாலும் ஏற்பதில்லை. நிலையான கட்டுத்துறை இல்லாத படகுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் உரிமக் கட்டணமும் கூடுதல்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை லாக் கதவுகளைப் பழுதுபார்க்கக் கால்வாயைப் பகுதி பகுதியாக மூடுவார்கள். ஸ்டோக் புரூர்னின் ஏழு லாக்குகளில் ஒன்றை மூடினாலும் பிளிஸ்வர்த் சுரங்கப்பாதைக்கும் பிரான்ஸ்டனுக்கும் செல்லும் வடக்குப் பாதை அடைபட்டுவிடும். மூடும் தேதிகளை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு, தண்ணீர்க் குழாயும் கழிவு கொட்டும் இடமும் உள்ள பக்கத்தில் நீங்கள் இருக்குமாறு அக்டோபரிலேயே நகர்ந்துவிடுங்கள்.

கால்வாய்க்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் பார்த்து வைத்திருக்கும் படகில் கழிவறை பெரிய தொட்டி வகை, இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்க வேண்டியது. அதை கேசட்டாக மாற்ற வேண்டுமா?

ஆறு குளிர்காலம்

மாற்ற வேண்டாம், பல வாரம் தாங்கும் அந்தத் தொட்டியை டிசம்பர் தொடக்கத்தில் காலி செய்துவிடுங்கள். படகு உறைந்து நிற்கும் நாட்களுக்காகக் கையில் தூக்கிச் செல்லும் சிறிய கழிவறை ஒன்றை மட்டும் கூடுதலாக வாங்கி வையுங்கள்.