அக்ரிலிக் போர்டுக்குப் பின்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டின ஆக்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்க

கல்லடியிலிருந்து:

கிளியர் அக்ரிலிக்குக்கு (கண்ணாடி மாதிரித் தெரியிற பிளாஸ்டிக் ஷீட்) பின்பக்கம் ஒட்டினா முன்னால பளபளப்பு அப்படியே நிக்கும், துடைக்கவும் சுகம். ஆனா வேலை முழுக்கத் தலைகீழ். டிசைனை மிரர் பண்ணி, அதாவது இடம் வலமாத் திருப்பி, கிளியர் ஸ்டிக்கர்ல பிரிண்ட் எடுக்கணும், வெள்ளை ஸ்டிக்கர் கடைசியாத்தான் அதுக்கு மேல வரும். வெள்ளை இல்லாட்டி நிறங்கள் வெளிறிப்போய், பின்னால உள்ள சுவர்தான் தெரியும்.

எனக்குப் பெரிய கரைச்சல் கச்சான் எண்டு சொல்ற வறண்ட காத்து. அந்த மாசங்கள்ல ஷீட்டில உள்ள பேப்பரைச் சர்ரெண்டு உரிச்சா ஸ்டாட்டிக் கரண்ட் ஏறி, கடையில கிடக்கிற தூசி முழுக்க அதில வந்து குந்தும். ஒரு முடி மாட்டினாலும் பிறகு எடுக்கேலாது. அதால நிலத்துக்குத் தண்ணி தெளிச்சி, ஃபேனை நிப்பாட்டிப்போட்டு, பேப்பரை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டே ஷாம்பு ரெண்டு சொட்டு விட்ட தண்ணியை அடிக்கிறன். மாரியில தூசி இல்ல, ஆனா உள்ள நிக்கிற ஈரம் லேசில போகாது, ஒட்டின இடம் மங்கிக் கிடக்கும். வாடிக்கையாளர் பாத்தா வேலை பிழைச்சிட்டு எண்டுதான் நினைப்பார். அது தெளியுமட்டும் வெள்ளையை ஒட்டாதீங்க. அவசரப்படுத்துற ஆக்களுக்கு மாரியில இந்த வேலை எடுக்கிறதே இல்ல.

கல்முனையிலிருந்து:

அண்ணன், காத்து வெளியேற வாய்க்கால் வச்ச ஸ்டிக்கரை இதுக்கு எடுக்கவே கூடாது. பசையில உள்ள அந்த வலை முன்பக்கம் அச்சொட்டாத் தெரியும்.

மும்மொழிப் போர்டுக்கு ஒரு விசயம். தமிழ் திரும்பிக் கிடந்தா கண்ணுக்கு உடனே பிடிபடும். சிங்கள வரி வாசிக்கத் தெரியாத பொடியனுக்கு எங்க பிடிபடும்? ஒரு டிசைனர் ஏற்கனவே மிரர் பண்ணி அனுப்பின ஃபைலைப் பிரிண்ட் கடை இன்னொருக்கா மிரர் பண்ணிட்டு. இப்ப பிரிண்டைப் பசைப்பக்கமாப் படம் எடுத்து, சிங்களம் தெரிஞ்ச ஆளுக்கு அனுப்பிக் கேட்டுத்தான் ஒட்டுறம்.

அக்கரைப்பற்றிலிருந்து:

நாங்க நல்லாத்தான் ஒட்டிக் குடுத்தம். கடைக்காரர் பழைய பசையைத் தின்னர் போட்டுத் துடைச்சிட்டார், ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுத்தி மயிர்க்கோடா வெடிப்பு. அமோனியா உள்ள கண்ணாடி ஸ்ப்ரேயும் அதே வேலையைச் செய்யும். சவர்க்காரத் தண்ணியும் மெல்லிய துணியும் போதும் எண்டு இப்ப பில்லிலயே எழுதிக் குடுக்கிறம்.

ஓட்டையை ஸ்க்ரூவை விடக் கொஞ்சம் பெருசாப் போடுங்க. 1 மீட்டர் ஷீட் 20 பாகை சூடு கூடினா 1.4 மில்லிமீட்டர் அளவு நீளும்.

கல்லடியிலிருந்து:

சரி தம்பி. பின்னால லைற் வாறதெண்டா வெளிச்சம் விடுற வெள்ளையா எடுக்கணும், மற்றது இருட்டடிக்கும்.