யேகோவா நிசி: ரெவிதீமில் பறந்தது துணியா, நின்றது கம்பமா?

கம்பத்தடி:
ரெவிதீமில் அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தில் மோசே தம்முடைய கோலின் நுனியில் ஒரு துணியைக் கட்டி உயர்த்திப் பிடித்தார் என்றும், அந்தத் துணியே ‘யேகோவா நிசி’ (கர்த்தர் என் கொடி) என்ற பெயருக்குக் காரணம் என்றும் நண்பர் வெள்ளிநூல் தம் தியானப் பதிவில் நேற்று எழுதியிருப்பதை வாசித்தேன். யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தை மூன்று முறை புரட்டிப் பார்த்துவிட்டேன். கோல் இருக்கிறது, கை இருக்கிறது, மோசே உட்காரக் கல் இருக்கிறது, கையைத் தாங்க ஆரோனும் ஊர் என்பவரும் இருக்கிறார்கள். துணி மட்டும் இல்லை. போதாக்குறைக்கு, அந்தப் பெயர் எந்தக் கொடிக்கும் இடப்பட்டதன்று, யுத்தம் முடிந்தபின் கட்டப்பட்ட பலிபீடத்துக்கு இடப்பட்டது. எபிரேயத்தில் ‘நிசி’ (என் நேஸ்) என்பதில் உள்ள ‘நேஸ்’ என்ற சொல், நெடுந்தூரத்துக்குத் தெரியும்படி நாட்டப்படும் கம்பத்தைக் குறிப்பது. எண்ணாகமம் 21-இல், பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைப்பதற்காக மோசே செய்த வெண்கலச் சர்ப்பம் ஏற்றப்பட்டதும் ஒரு நேஸின் மேல்தான். அங்கே நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் ‘கம்பம்’ என்றே எழுதுகிறது. சர்ப்பத்தைத் துணியின்மேல் எப்படி நிறுத்துவது என்பதை வெள்ளிநூல் விளக்கினால் தெரிந்துகொள்வேன்.

வெள்ளிநூல்:
காலைத் தியானத்துக்காக எழுதிய நான்கு பத்திகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் பழக்கம் இவருக்கு மட்டுமே உண்டு. இருக்கட்டும். எசேக்கியேல் 27:7-ஐ இவர் வாசித்ததுண்டா? தீரு என்ற துறைமுகப் பட்டணத்தின் அலங்காரக் கப்பலைப் பாடுகையில், எகிப்திலிருந்து வந்த சித்திரத்தையலுள்ள சணல்நூல் துணியே அதற்குப் பாயாகவும் நேஸாகவும் இருந்தது என்று தீர்க்கதரிசி சொல்கிறார். சணல்நூலில் கம்பம் நெய்கிறவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை.

கம்பத்தடி:
அந்த வசனத்தில் விரிக்கப்படும் பாய்க்குத் தனியே ‘மிஃப்ராஸ்’ என்றொரு சொல் இருக்கிறது. அந்தத் துணி, கப்பலை அடையாளம் காட்டும் நேஸாகப் பயன்பட்டது என்பதே பொருள். ஒரு பொருள் எதுவாகப் பயன்பட்டது என்பதும் அது எதனால் ஆனது என்பதும் வேறு வேறு. மேலும் எசேக்கியேல் கி.மு. 6-ஆம் நூற்றாண்டுத் தீர்க்கதரிசி. அவர் பேசுவது கடலைப் பற்றி, ரெவிதீமோ வனாந்தரம். வனாந்தரத்துக்குக் கப்பலை இழுத்துவரும் திறமையை மெச்சுகிறேன்.

பாளயவாசி:
இருவரும் வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரமிட்ட பாளயத்தின் கோத்திரக் கொடிகளை மறந்துவிட்டீர்கள். யூதாவுக்குச் சிங்கம், ரூபனுக்கு மனிதன், எப்பிராயீமுக்கு எருது, தாணுக்குக் கழுகு என்று நான்கு திசைகளிலும் நான்கு கொடிகள் பறந்தன என்பது எல்லாரும் அறிந்தது. சிங்கத்தை வரைய வேண்டுமானால் துணி இல்லாமல் முடியாது.

கம்பத்தடி:
எல்லாரும் அறிந்த இச்செய்தியை எண்ணாகமத்தை எழுதியவர் மட்டும் அறியவில்லை போலும். 2-ஆம் அதிகாரத்தில் திசைகளும் எண்ணிக்கைகளும்தான் இருக்கின்றன: கிழக்கே யூதாவின் பாளயத்தில் 1,86,400 பேர், தெற்கே ரூபனின் பாளயத்தில் 1,51,450 பேர், மேற்கே எப்பிராயீமின் பாளயத்தில் 1,08,100 பேர், வடக்கே தாணின் பாளயத்தில் 1,57,600 பேர். சிங்கமும் இல்லை, கழுகும் இல்லை. அந்த நான்கு முகங்களும் எசேக்கியேலின் முதல் அதிகாரத்தில் வருகிற ஜீவன்களுடையவை. பின்னாளைய மரபு அவற்றைப் பாளயத்தின்மேல் ஒட்டிவைத்தது. மித்ராஷ் என்னும் யூத வேதவிளக்க நூலோ வேறு கதை சொல்கிறது: கொடிகளின் நிறங்கள் பிரதான ஆசாரியனின் மார்ப்பதக்கத்திலுள்ள கற்களின் நிறங்களைப் பின்பற்றின என்கிறது. அழகான கதைதான், ஆனால் அதுவும் மோசேக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே கொடி என்று மொழிபெயர்க்கப்படும் சொல் நேஸ் அன்று, ‘தெகெல்’. பழைய ஏற்பாட்டில் இது 14 இடங்களில் வருகிறது. அவற்றில் 13 எண்ணாகமத்திலேயே உள்ளன. கிரேக்கத்தில் மொழிபெயர்த்த எழுபதின்மர் அங்கே கொடி என்று எழுதாமல், படையணி என்று பொருள்படும் ‘தாக்மா’ என்ற சொல்லையே இட்டார்கள். நைல் நதியின் எலிபெந்தைன் தீவில் கிடைத்த கி.மு. 5-ஆம் நூற்றாண்டு அரமேய ஆவணங்களிலும் தெகெல் என்பது போர்வீரர்களின் ஒரு பிரிவுதான். சாக்கடல் சுருள்களில் ஒன்றான யுத்தச் சுருளிலும் அப்படியே. ஆகவே ‘தன் தன் கொடியண்டையில்’ என்பதைத் ‘தன் தன் அணியில்’ என்று வாசித்தாலும் இஸ்ரவேலர் வழி தவறியிருக்கமாட்டார்கள்.

வெள்ளிநூல்:
அப்படியானால் உன்னதப்பாட்டு 2:4-இல் வரும் பதினான்காவது தெகெலை என்ன செய்யப்போகிறீர்கள்? மணவாட்டியின்மேல் இருந்தது ‘கொடி நேசமே’ என்ற வரியை ‘அவருடைய காலாட்படைப் பிரிவு நேசமே’ என்று திருத்தி எழுதித் தாருங்கள், வாசித்து மகிழ்வோம். நேசத்தை ஒரு துணியாகத் தலைக்குமேல் விரித்துப் பார்க்கத் தெரியாதவர் உன்னதப்பாட்டைத் தொடாமலிருப்பது அவருக்கும் நல்லது, பாட்டுக்கும் நல்லது.

கம்பத்தடி:
எழுபதின்மர் அந்த வரியை ‘என்மேல் நேசத்தை ஒழுங்குபடுத்துங்கள்’ என்ற பொருளில்தான் எழுதினார்கள். பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவும் ஏறத்தாழ அவ்வழியே சென்றது. நம் தமிழில் உள்ள ‘பறந்த’ என்ற சொல்லுக்கு எபிரேயத்தில் ஈடே கிடையாது. நீங்கள் கண்ட துணி அந்த ஒரு தமிழ்ச் சொல்லில் பறக்கிறது.

மௌனவாசகர்:
ஒரு சிறு வேண்டுகோள். கொடி என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளலாமா? துணியையா, அதைத் தாங்கும் தண்டையா, உச்சியில் பொருத்திய சின்னத்தையா, அல்லது மூன்றும் சேர்ந்ததையா? எண்ணாகமம் 26:10-இல், மோசேக்கு எதிரான கோராகின் கலகத்தில் அக்கினியால் பட்சிக்கப்பட்ட 250 பேரும் ஒரு நேஸ் ஆனார்கள் என்று மூலத்தில் இருக்கிறது. தமிழில் அதை ‘அடையாளம்’ என்கிறோம். அங்கே துணியும் இல்லை, கம்பமும் இல்லை.

வெள்ளிநூல்:
கம்பத்தடி அவர்கள் ஏசாயா 33:23-ஐ ஏன் இன்னும் தொடவில்லை? கயிறுகள் தளர்ந்த கப்பலில் நேஸை ‘விரிக்க’ முடியவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறது. துணியை விரிப்பார்கள். கம்பத்தை விரிப்பது எப்படி? மோசே வளர்ந்தது எகிப்தில் என்பதையும் இவருக்கு நினைவூட்டுகிறேன். அந்நாட்டுக் கோயில் வாசல்களில் உயர்ந்த மரங்களை நாட்டி, உச்சியில் துணிப் பட்டைகளைக் கட்டுவார்கள். தெய்வம் என்பதற்கான அவர்களுடைய சித்திர எழுத்தே துணி சுற்றிய ஒரு கம்பம்போலத்தான் இருக்கும். அந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்தவர் வெறும் தடியைக் கொடி என்று சொல்லியிருப்பாரா?

கம்பத்தடி:
மறுபடியும் கப்பல்! எகிப்தை நீங்களே அழைத்ததால் நானும் அங்கேயே வருகிறேன். சுமார் கி.மு. 3100-ஐச் சேர்ந்த நார்மர் கற்பலகையில் அரசனுக்கு முன்னால் தூக்கிச் செல்லப்படுபவை, உச்சியில் பறவையும் விலங்கும் பொருத்திய கம்பங்கள். அசீரியரின் இரதச் சின்னங்களும் கம்பத்தின்மேல் பொருத்திய உருவங்களே. வெண்கலச் சர்ப்பம் அந்த வகையில் கச்சிதமாகப் பொருந்துகிறது: கம்பம், அதன் உச்சியில் ஓர் உருவம், ஏறிட்டுப் பார்க்கிற ஜனங்கள். நேஸின் வேலையே பார்க்கவைப்பதுதான். கடிபட்டவன் அதை நோக்கிப் பார்த்துப் பிழைத்தான். பிற்காலத்தார் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதால் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டு, நிகுஸ்தான் என்று பேரிட்டார். யோவான் 3:14-இல் மனுஷகுமாரன் உயர்த்தப்படுவதற்கு ஒப்பாகச் சொல்லப்படுவதும் இந்தக் காட்சிதான். சிலுவைக்கு முன்னடையாளமாக நின்றது ஒரு கம்பம் என்பதைத் துணிப்பிரியர்கள் எப்போது கவனிப்பார்கள்?

கொடி என்றாலே வெற்றி என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஏசாயா 5:26-இல் கர்த்தர் நேஸை ஏற்றுவது தூரத்து ஜாதிகளைத் தம்முடைய ஜனத்துக்கு எதிராகவே வரவழைப்பதற்காக. ஏசாயா 30:17-இல் மேட்டின்மேல் தனித்து நிற்கும் நேஸ், தோற்று ஓடியவர்களில் மீந்த சிலரின் உருவகம். எரேமியா 51-இல் அது பாபிலோனை அழிக்கத் திரளும் படைகளுக்கான அழைப்பு. ஏசாயா 11:10-இலோ ஈசாயின் வேர் ஜனங்களுக்குக் கொடியாக ‘நிற்பார்’ என்று நம்பிக்கை பிறக்கிறது. நிற்பார் என்ற சொல்லைக் கவனியுங்கள். கம்பம் நிற்கும், துணி பறக்கும்.

ஒலிவக்கிளை:
சகோதரர்களே, இவ்வளவு வாதத்திலும் ஏசாயா 59:19-ஐ ஒருவரும் சொல்லாதது வேதனையாக இருக்கிறது. ‘வெள்ளம்போல் சத்துரு வரும்போது, கர்த்தருடைய ஆவியானவர் அவனுக்கு விரோதமாய்க் கொடியேற்றுவார்’ என்ற வாக்கைப் பிடித்துக்கொண்டு கடினமான ஆண்டுகளைக் கடந்தவள் நான். அது துணியாக இருந்தால் என்ன, கம்பமாக இருந்தால் என்ன?

கம்பத்தடி:
சகோதரியின் விசுவாசத்தைக் குறைத்துப் பேசவில்லை; ஆயினும் அந்த வசனத்தில் கொடியே இல்லாமலிருக்கலாம். அங்குள்ள வினைச்சொல்லை நேஸிலிருந்து பிறந்ததாகக் கொண்டால் கொடியேற்றுதல். ‘நூஸ்’ என்ற வேரிலிருந்து வந்ததாகக் கொண்டால் விரட்டுதல். ‘சார்’ என்ற சொல்லும் சத்துருவையும் குறிக்கும், நெருக்கத்தையும் குறிக்கும். ஆகையால் ‘கர்த்தருடைய சுவாசம் உந்தித்தள்ளும் நெருங்கிய வெள்ளம்போல் அவர் வருவார்’ என்று இக்காலத்து மொழிபெயர்ப்புகள் பலவும் எழுதுகின்றன. அப்படி வாசித்தால் வெள்ளமாக வருகிறவர் கர்த்தரே.

ஒலிவக்கிளை:
நான் அழுது ஜெபித்த வசனத்தை ஒரு வேர்ச்சொல்லால் பறித்துக்கொள்ள உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இதே நபர்தான், இயேசு சொன்ன உவமையில் ஊசியின் காதில் நுழைவது ஒட்டகம் அன்று, கயிறுதான் என்று சென்ற ஆண்டு எண்பது பதிவுகள் எழுதி எல்லாரையும் சோர்வடையச் செய்தவர்.

வெள்ளிநூல்:
நன்றாக நினைவூட்டினீர்கள், சகோதரி. பழைய பிரதிகள் ஒட்டகம் என்றே சொல்கின்றன என்று காட்டியபிறகும் இவர் அந்தக் கயிற்றை விடவில்லை. இப்போது அதே கயிற்றைக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்.

கம்பத்தடி:
ஒட்டகத்தைப் பற்றிய விவாதம் முடிந்துவிட்டதாக நான் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அது கிடக்கட்டும். யாத்திராகமம் 17:15-ஐ எழுபதின்மர் ‘கர்த்தர் என் அடைக்கலம்’ என்று பெயர்த்தார்கள், வுல்காத்தா ‘கர்த்தர் என் உயர்வு’ என்றது. கிரேக்கர் துணியைக் காணவில்லை, இலத்தீனார் காணவில்லை, வெள்ளிநூல் மட்டும் காண்கிறார்.

வெள்ளிநூல்:
அவர்கள் கம்பத்தையும் காணவில்லை என்பதை எவ்வளவு நாசூக்காகத் தாண்டிப்போகிறார் பாருங்கள். அடைக்கலம் என்பது கம்பமா, ஐயா? ஏசாயா 33:23-க்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரத் தியானத்தின் தலைப்பை இப்போதே அறிவிக்கிறேன்: ‘விரிக்கப்பட்ட நேஸ்’.

பாளயவாசி:
சிங்கம் இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. யூதா பாலசிங்கம் என்று ஆதியாகமம் 49:9 சொல்கிறது. அதைக் கொடியில் வரையாமல் வேறெங்கே வரைந்திருப்பார்கள்?

மௌனவாசகர்:
கொடி என்றால் என்ன என்று நான் கேட்டதற்கு இதுவரை ஒருவரும் விடை கூறவில்லை.

கம்பத்தடி:
அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஐயா. வெள்ளிநூல் முதலில் நான் தொடக்கத்தில் கேட்டதற்குப் பதில் சொல்லட்டும்: சர்ப்பத்தைத் துணியின்மேல் எப்படி நிறுத்தினார்கள்?