பதற்றத்தைச் சீராக்கும் சிறுமூளை நரம்புச்சுற்று: ஒரு சொற்பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

பதற்றத்தின் ஏற்ற இறக்கத்தில் பங்கேற்கும் சிறுமூளை இணைப்புகளுக்கு 'அச்சக் கட்டுப்பாட்டு மின்சுற்று' என்னும் சொல் முன்மொழியப்பட்டுள்ளது. அதன் மூன்று உறுப்புகளையுமே மாற்ற வேண்டும் என்று கருதுகிறேன்.

கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியவுடன், கடல் இன்னும் அமைதியாக இருக்கும்போதே, தேவனாம்பட்டினத்துத் தாய்மார்களுக்கு நெஞ்சு படபடக்கிறதே, அது பதற்றம். 2004 டிசம்பர் 26 அன்று அலை ஊருக்குள் புகுந்தபோது அவர்களை ஓடவைத்தது அச்சம். கண்முன் நிற்கும் ஆபத்துக்கு அச்சம், வரக்கூடும் என்று மனம் கணிக்கும் ஆபத்துக்குப் பதற்றம் என்னும் இந்த வேறுபாடு சிறுமூளையைப் பேசும்போது இன்றியமையாதது. ஏனெனில் கணிப்பே அதன் தலையாய வேலையாகக் கருதப்படுகிறது. அடுத்து நிகழவிருப்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, எதிர்பார்ப்பு பிழைக்கும்போது மூளைத்தண்டிலுள்ள நரம்புச்செல் தொகுதியான கீழ் ஆலிவ் உட்கருவிலிருந்து ஏறுநார்கள் என்னும் நரம்பிழைகள் வழியே வரும் பிழைக்குறிப்பைக் கொண்டு அது தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பது உடலசைவைப் பொறுத்தவரை நெடுங்காலமாக வழங்கும் விளக்கம். உணர்ச்சிக்கும் இதே கணிப்பு பயன்படக்கூடும் என்ற கருதுகோள் இன்று வலுப்பெற்று வருகிறது. 'பதறு' என்னும் வினையிலிருந்து பிறப்பதால் 'பதட்டம்' என்பதைவிடப் 'பதற்றம்' என்பதே முறையான வடிவம். இலங்கை வழக்கான 'பதகளிப்பு' எனக்கு மிகவும் பிடித்த சொல்தான், ஆனால் கடலூரிலும் புதுவையிலும் அது நோயாளியைச் சென்று சேராது.

'மின்சுற்று' கம்பியையும் மின்கலத்தையும் நினைவூட்டுவதால் அதை விட்டுவிடலாம்.

'கட்டுப்பாடு' என்பதுதான் பெரிய இடர். சிறுமூளையின் வெளியடுக்கான புறணியிலிருந்து வெளியே செல்லும் ஒரே செய்தி பர்கின்ஜி செல்கள் என்னும் நரம்புச்செல்களுடையது. அவை தமக்குக் கீழுள்ள ஆழ் உட்கருக்களை அடக்குபவை என்பதால் 'கட்டுப்பாடு' பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அந்த அடக்கம் கூடுவதற்கும் தளர்வதற்கும் ஏற்பவே ஆழ் உட்கருக்கள் மூளையின் பிற பகுதிகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. 2024இல் 'நியூரான்' ஆய்விதழில் வெளிவந்த எலி ஆய்வு, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸில் ஒரெக்சின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களிடமிருந்து ஆழ் உட்கருக்களில் ஒன்றுக்கும், அங்கிருந்து உணர்ச்சியோடு தொடர்புடைய அமிக்டலாவுக்கும் செல்லும் ஒரு தடத்தைக் காட்டி, சமநிலையைச் சோதிக்கும் சுழல்தண்டு நடை பதற்றத்தைத் தணிப்பதற்கு அத்தடத்தோடு தொடர்பு உண்டு என்று விளக்குகிறது. மனிதரிடத்தில், 1998இல் ஷ்மாமன், ஷெர்மன் என்னும் ஆய்வாளர்கள் விவரித்த சிறுமூளை நோயாளிகளுள் சிலருக்கு உணர்ச்சி மழுங்கியது, சிலருக்கு வரம்பு மீறியது. இரு திசையிலும் பிறழ்வு நேர்கிறது என்றால், அவ்வுறுப்பு செய்துவந்த வேலை அடக்குவது அன்று, அளவில் நிறுத்துவது. அதற்குச் 'சீராக்கம்' பொருந்துகிறது.

எனவே என் பரிந்துரை 'பதற்றச் சீராக்கச் சிறுமூளை நரம்புச்சுற்று' என்பதாகும். நீளம் மிகுதிதான். ஆயினும் 'பதற்றச்சுற்று' என்று சுருக்கினால் பதற்றத்தை உண்டாக்கும் சுற்று என்றே படிப்பவர் கொள்வர். கட்டுரைக்குள் முதலில் முழுச்சொல்லைத் தந்துவிட்டு, பின்னர்ச் 'சீராக்க நரம்புச்சுற்று' என்று வழங்கலாம்.

எவ்வளவு சுருக்கினாலும் 'நரம்பு' என்னும் உறுப்பை நீக்கிவிட வேண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். சிறுமூளை நோயாளிகளுக்குத் தலைச்சுற்றல் உண்மையாகவே வரக்கூடும் என்பதால், மருத்துவமனைத் துண்டறிக்கையில் 'சிறுமூளைச்சுற்று' என்று மட்டும் இருந்தால், அவர்கள் அதைத் தம் தலைச்சுற்றலின் பெயராகவே எடுத்துக்கொள்வார்கள்.