மறு: ‘ஆட்டோமேஷன்’: தன்னியக்கம் வேண்டாம், ‘நகர்வுப்பதிவு’ என்போம்

வணக்கம்.

நாம் தமிழாக்குகிற ஆர்டோர் என்ற ஒலிக்கலவை மென்பொருளில், ஒலியளவு போன்றவற்றை ஏற்றி இறக்குவதைப் பதிந்து திருப்பிச் செய்கிற வசதியான ஆட்டோமேஷனுக்கு, அகராதியில் உள்ள ‘தன்னியக்கம்’ என்பதையே வைத்துவிடலாம் என்று போன மடலில் எழுதியிருந்தீர்கள். தொழிற்சாலைக்கு அது சரியான சொல். இங்கே பொருளையே மாற்றிவிடும்.

அண்மையில் ஒரு பாட்டைக் கலந்துகொண்டிருந்தேன். சரணத்தின் கடைசி வரியில் பாடகி கீழ் ஸ்தாயிக்கு இறங்குகிறார். ‘ம்’ என்று முடிகிற எழுத்து, மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்குள் அமுங்கிப்போகிறது. அந்த இடம் வந்ததும் குரலின் ஃபேடரை, அதாவது ஒலியளவை மாற்றும் நகர்த்தியை, 3 டெசிபல் ஏற்றி, அடுத்த வரி தொடங்குமுன் பழைய இடத்துக்கு இறக்கினேன். நான்காவது தடவைதான் கை பதமாக வந்தது. ஏறி இறங்கிய அந்த நகர்வை மென்பொருள் நேரத்தோடு சேர்த்துப் பதிந்துகொண்டது. இப்போது எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில் அதே அளவு ஏறி இறங்குகிறது. எங்கே, எவ்வளவு என்று முடிவெடுத்தது காது. மென்பொருள் எதையும் தானாகச் செய்யவில்லை, நினைவில் வைத்துத் திருப்பிச் செய்கிறது. பொத்தானில் ‘தன்னியக்கம்’ என்று போட்டால், புதிதாகத் தொழில் பழக வருகிற பிள்ளை, குரலை மென்பொருளே சமன்செய்துவிடும் என்று நம்பி அழுத்தும்.

இந்த வசதி வளர்ந்த கதையும் இதைத்தான் சொல்கிறது. அதற்கு முன்பெல்லாம் கலவையின்போது ஃபேடர்கள் வரிசையாக இருக்கும் கலவைமேசையைச் சுற்றி இரண்டு மூன்று பேர் நின்று, ஆளுக்குச் சில ஃபேடர்களைப் பிடித்துக்கொண்டு, பென்சில் குறிகளைப் பார்த்து நகர்த்துவார்கள். ஒருவர் தவறினாலும் மறுபடி ஓட்ட வேண்டும். 1977இல் கலவைமேசை செய்யும் நீவ் நிறுவனத்தின் நெகாம் என்ற அமைப்பு வந்தது. ஃபேடருக்கு அடியில் மோட்டார் வைத்து, கை நகர்த்தியதைக் கணினியில் பதிந்து, ஃபேடரையே திரும்ப நகர வைத்தார்கள்.

முதலில் ‘கைப்பதிவு’ என்று யோசித்தேன். ஆனால் சுட்டியால் புள்ளி வைத்துக் கோடு வரைபவர்களும் உண்டே, அங்கே ஃபேடரைத் தொடுகிற கை இல்லை. பிறகு ‘அசைவுப்பதிவு’ பிடித்திருந்தது. அதே பாடகியிடம் சொல்லிப் பார்த்தேன். “அசைவுன்னா கமகமாண்ணா? அதைத் தனியாப் பதியணுமா?” என்றார். அவர் கேட்டது நியாயம்தான். சுரத்தை அசைத்துப் பாடு என்பது அவர்கள் அன்றாடம் புழங்குகிற பேச்சு. அதோடு அதைக் கைவிட்டேன். ‘நகர்வு’ அந்தச் சிக்கலில் மாட்டவில்லை. ஒலியை இடம் வலமாக ஒதுக்கும் ‘பான்’ குமிழையும், ‘பிளக்-இன்’ எனும் துணைநிரல்களின் குமிழ்களையும் திருகத்தான் செய்கிறோம் என்றாலும், நகர்வது அவற்றின் அளவு. ஆகவே நகர்வுப்பதிவு. ஒலித்தடத்தின் கீழே விரிகிற பட்டை நகர்வுத்தடம், அதில் ஓடுவது நகர்வுக்கோடு.

இனி நகர்வுப்பதிவின் முறைகள். நாம் மொழிபெயர்க்கிற ஆர்டோரில் மேனுவல், பிளே, ரைட், டச், லாட்ச் என்று ஐந்து. முதல் இரண்டுக்கும் கைமுறை (பதிந்ததை விட்டுக் கையாலேயே நகர்த்துவது), பின்பற்று (பதிந்த கோட்டின்படி நகர்வது) போதும். டச்சுக்குத் ‘தொடு’: ஃபேடரைத் தொட்டிருக்கும்வரை பதியும், விட்டதும் பழைய கோட்டுக்குத் திரும்பும். லாட்ச் அப்படியில்லை. கையை எடுத்தாலும், கடைசியாக விட்ட அளவையே பாட்டை நிறுத்தும்வரை எழுதிக்கொண்டிருக்கும். ‘தாழ்’ என்று அகராதி தருகிறது. ஃபேடரைத் தாழ்த்து என்று படித்துவிடுவார்கள் என்பதால், ‘விடாப்பிடி’ என்று வைத்திருக்கிறேன்.

ரைட்டுக்கு ‘எழுது’ என்று எல்லோரும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மென்பொருளில், குரல் தடத்தை அந்த முறையிலேயே விட்டுவிட்டு, வாடிக்கையாளருக்குப் பாட்டை முதலிலிருந்து போட்டுக்காட்டினேன். ஃபேடரில் கை வைக்கவே இல்லை. நான்கு நிமிடம் ஓடி முடிந்தபோது, இரண்டு நாள் உட்கார்ந்து செய்த நகர்வுகள் எல்லாம் போய் ஒரே நேர்க்கோடு இருந்தது. தொட்டாலும் தொடாவிட்டாலும், ஓடுகிற நேரம் முழுக்கப் பழையதை அழித்து எழுதுவதுதான் அந்த முறையின் வேலை. ‘எழுது’ என்ற சாதுவான சொல்லில் அந்த எச்சரிக்கை இல்லை. ‘மேலெழுது’ என்று போடுவோம்.

இன்னொன்று: மிக்சரின் சிறிய பொத்தானில் முதல் எழுத்து மட்டுமே தெரியும். மேலே சொன்னவை கை, பி, மே, தொ, வி என்று தனித்தனியாக நிற்கின்றன. ‘விடாப்பிடி’ பேச்சுவழக்காக இருக்கிறது என்று தோன்றினால் வேறு சொல் தாருங்கள், மாற்றிவிடுகிறேன். மற்ற நான்கு எழுத்துகளோடும் அது மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.