மறு: ‘ஸ்பெக்கிள்’ – ‘ஒளிநொய்’ எனலாமா?

> ‘ஒளிப்புள்ளி இரைச்சல்’ போதுமே. ‘இரைச்சல்’ ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல்தானே?

ஐயா, வணக்கம். லேசர் ஒளி பட்ட இடத்தில் தெரியும் பொடிமணித் தோற்றமான ‘ஸ்பெக்கிள்’ (speckle) என்பதற்கு, நான் முன்வைத்த ‘ஒளிநொய்’ வேண்டாம், ‘இரைச்சல்’ (noise) சேர்ந்த சொல்லே போதும் என்கிறீர்கள். ‘இரைச்சல்’ என்றதும் வெளியிலிருந்து வந்து கலந்த ஒன்று என்றுதான் மாணவர்கள் நினைப்பார்கள். வெள்ளையடித்த சுவரில் பச்சை லேசரைப் பாய்ச்சிப் பாருங்கள். ஒளிவட்டம் முழுவதும் பொடிப்பொடியாக மின்னும். சுவரின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பட்டுச் சிதறும் கதிர்கள் வெவ்வேறு அலைக்கட்டத்தில் (phase) வந்து குறுக்கிடுவதால் ஓரிடத்தில் ஒளி கூடுகிறது, பக்கத்திலேயே அணைகிறது. தலையை அசைத்தால் பொடியும் அசையும். அட்டையில் ஊசித்துளையிட்டு அதன் வழியே பார்த்தால் மணிகள் பெரிதாகும். சுவரில் ஒட்டிய புள்ளி இப்படிச் செய்யுமா?

காட்பாடியில் என் வகுப்பில் இதைக் காட்டியபோது, ஆரணிப் பக்கத்து மாணவி ஒருத்தி, “நொய்யைப் பரப்பி வைத்ததுபோல் இருக்கிறது சார்” என்றாள். அரிசி ஆலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அந்தச் சொல்லைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. நொய் கல்லும் அன்று, உமியும் அன்று, உடைந்த அரிசியேதான். ஸ்பெக்கிளும் அந்த ஒளியேதான்.

முப்பரிமாண உருவம் காட்டும் ஹாலோகிராம் திரைக்கு இது பெரும் தடையாக இருப்பதும் அதனால்தான். இயற்பியலாளர் டென்னிஸ் காபர் 1947-இல் ஹாலோகிராம் கருத்தைக் கண்டபோது அவரிடம் இருந்தது பாதரச விளக்கு. 1960-இல் லேசர் வந்த பிறகே ஆழமுள்ள காட்சிகள் கைகூடின. உருவத்தைக் கூர்மையாக்கும் அந்த ஓரியல் ஒளியே (அலைகள் ஒரே ஒழுங்கில் செல்லும் லேசர் ஒளியே) நொய்யையும் பிறப்பிக்கிறது. எல்.இ.டி.க்கு மாறினால் நொய் குறையும். ஆனால் திரையை விட்டுத் தள்ளி நிற்கும் உருவங்கள் மங்கிவிடும்.

குறைக்கும் முறைக்கு ‘நொய் கொழித்தல்’ என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். அழகான சொல், ஆனால் தவறு. முறத்தில் கொழித்தால் நொய் தனியே பிரியும். இங்கே எதுவும் பிரிவதில்லை. வெவ்வேறு நொய்க்கோலங்களை அடுத்தடுத்துக் காட்டிக் கண்ணிலேயே சராசரியாக்குகிறார்கள். கோலங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுக்கும் கணக்கு என்பதால், நூறு கோலங்களைச் சேர்த்தாலும் மணிகளின் ஒளி-இருள் மாறுபாடு பத்தில் ஒன்றாகத்தான் இறங்கும். நொடிக்கு 60 படம் காட்டும் திரை 6,000 காட்ட வேண்டிவரும். எனவே ‘நீக்கம்’ என்பதும் பொருந்தாது. ‘நொய்த்தணிப்பு’ என்பதே உண்மைக்கு நெருக்கம்.

நொய்யைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘குருணை’யையும் எண்ணிப் பார்த்தேன். உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் அது போய்விட்டதால் ஒதுக்கினேன். மற்ற மாவட்டங்களில் ‘நொய்’ என்றால் உடனே விளங்குகிறதா என்று உங்கள் வகுப்புகளில் கேட்டு எழுதுங்கள்.