கருப்பு மட்டும் வரவில்லை, மற்ற நிறங்கள் வருகின்றன: டேங்க் வகை இங்க்ஜெட் பிரிண்டர்

குடியாத்தம் தட்டச்சுக்கடை:

வணக்கம். குடியாத்தம் தாலுகா அலுவலகத்துக்கு அருகில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். நான்கு நிற மையை ஊற்றிக்கொள்ளும் டேங்க் வகை இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருக்கிறேன். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காகக் கடையை மூடியிருந்தோம். திரும்பத் திறந்ததும் ஒரு பெரியவருக்கு ஆதார் நகல் எடுத்தேன். காவியும் பச்சையும் பளிச்சென்று விழுந்தன. பெயரும் எண்ணும் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளை.

கருப்பு டேங்கில் மை பாதிக்கு மேல் தெரிகிறது. கணினியிலிருந்து ஹெட் கிளீனிங் (மை தெறிக்கும் ஹெட்டைப் பிரிண்டரே சுத்தம் செய்துகொள்ளும் கட்டளை) பல முறை கொடுத்துப் பார்த்துவிட்டேன், பலன் இல்லை. பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்திருக்கும் நேரம். வருமானச் சான்று, சாதிச் சான்று என்று பிள்ளைகளோடு பெற்றோர் வந்து நிற்கிறார்கள். யாரையும் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் நானே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஆம்பூர் வாசகன்:

எனக்கும் இப்படி நடந்தது. மை அடைத்த சிறு பெட்டியான கார்ட்ரிட்ஜைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் நனைத்த காகிதத் துண்டின்மேல் அதன் அடிப்பக்கத்தைச் சில நிமிடங்கள் வைத்து எடுத்தேன். கருப்பு வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரே போதும்.

வேலூர் பிரிண்டர் மெக்கானிக்:

சகோதரி, முதலில் ஹெட் கிளீனிங் கொடுப்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல நிறங்களின் மையும் சேர்த்து உறிஞ்சப்பட்டு, அடியில் இருக்கும் கழிவு மை பஞ்சில் போய்ச் சேர்கிறது. அந்தப் பஞ்சு நிறைந்தால் பிரிண்டர் தானாகவே வேலையை நிறுத்திக்கொள்ளும். அது வேறொரு செலவு. அடைப்பு எங்கே என்று தெரியாமல் கிளீனிங் கொடுப்பதில் பயனில்லை.

ஆம்பூர் நண்பர் சொன்னது அவருடைய பிரிண்டருக்குச் சரி. அந்த வகையில் மை தெறிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜின் அடியிலேயே இருக்கிறது. உங்களுடையதில் டேங்கிலிருந்து மெல்லிய குழாய் வழியாக மை வந்து, தாளின் குறுக்கே இங்குமங்கும் ஓடும் ஹெட்டில் இறங்குகிறது. கழற்றி ஊறவைக்கும் வேலை இதற்குப் பொருந்தாது. இன்னொன்று, குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பாலாற்றுப் பகுதியின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாதா? தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணறுகள் உப்பேறிப்போனதை 1996இல் உச்ச நீதிமன்றமே எடுத்துச் சொன்னது. ஹெட்டின் துளைகள் தலைமுடியைவிட மெல்லியவை. தண்ணீர் ஆவியானால் உப்பு அங்கேயே தங்கிவிடும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அதே கடையில் ஆசிடும் விற்பார்கள், லேபிளைப் படித்து வாங்குங்கள். கை கழுவும் சானிடைசரையும் பயன்படுத்தாதீர்கள், பலவற்றில் கிளிசரின் இருக்கிறது.

இப்போது மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கணினியைத் தொடாமல், பிரிண்டரின் கண்ணாடிமேல் ஒரு தாளை வைத்து நகல் எடுங்கள். அதிலும் கருப்பு இல்லையென்றால் கணினிமேல் குற்றமில்லை.

அடுத்து நாசில் செக், அதாவது ஹெட்டின் துளைகளைச் சோதிக்கும் கோட்டு மாதிரியை, அச்சிடுங்கள். கருப்புக் கோடுகள் அங்கங்கே அறுந்து வந்தால் காய்ந்த மை துளைகளை அடைத்திருக்கிறது என்று பொருள். ஒரு கோடுகூட வரவில்லையென்றால் மையே ஹெட்டுக்கு வந்து சேரவில்லை என்று சந்தேகிக்கலாம். எல்லாக் கோடுகளும் முழுதாக வந்தால் ஹெட் நன்றாக இருக்கிறது, தாள் வகை அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மேல் மூடியைத் திறந்து டார்ச் அடித்து, கருப்புக் குழாயை முழு நீளத்துக்கும் பாருங்கள். நடுவில் வெளுத்த இடைவெளி இருந்தால் அது காற்று. கூடவே டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றுத் துளையில் மை காய்ந்து அடைத்திருந்தால் மை இறங்காது.

ஒரு கேள்வியும் உண்டு. கடையைப் பூட்டும்போது பிரிண்டரை எப்படி அணைக்கிறீர்கள்?

குடியாத்தம் தட்டச்சுக்கடை:

மிக்க நன்றி அண்ணா. நகலிலும் கருப்பு இல்லை. நாசில் செக்கில் மற்ற மூன்று நிறங்களும் முழுதாக இருக்கின்றன. கருப்பில் ஓரமாக இரண்டு சிறு கோடுகள் மட்டும் தெரிகின்றன. குழாயில் ஒரு விரல்கடை நீளத்துக்கு வெளுப்பு இருக்கிறது. திருவிழாவுக்கு முன் கருப்பு மை கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்ததாகவும், தான்தான் ஊற்றியதாகவும் கடைப்பையன் சொல்கிறான். இரவில் கதவோரம் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் விளக்கு, மின்விசிறி, பிரிண்டர் எல்லாம் ஒன்றாக நின்றுவிடும்.

வேலூர் பிரிண்டர் மெக்கானிக்:

அப்படியானால் உங்களிடம் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது அந்த மெயின் சுவிட்ச். பிரிண்டரில் உள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால், ஹெட் வலது ஓரத்துக்கு ஓடி அங்குள்ள ரப்பர் மூடிமேல் உட்கார்ந்துகொள்ளும். துளைகள் காற்றுப் படாமல் மூடப்படும். அந்த ஓட்டம் முடிந்து விளக்கு அணைந்த பிறகுதான் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். வேலை நடக்கும்போதே மெயின் அணைந்தால் ஹெட் பாதி வழியில் திறந்தபடி நின்றுவிடும். அக்கினி நட்சத்திர வெயிலில், பூட்டிய கடைக்குள், மூடாத ஹெட் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. உங்களுடைய பிரிண்டரில் கருப்பு நிறமி மையாகவும் மற்ற நிறங்கள் நீரில் கரைந்த சாய மையாகவும் இருக்கலாம், பல டேங்க் பிரிண்டர்களில் அப்படித்தான். நிறமி மை என்பது நீரில் மிதக்கும் நுண்ணிய பொடி. நீர் ஆவியானால் பொடி இறுகிவிடும். கருப்பு முதலில் போவது பெரும்பாலும் இதனால்தான். என் மேசைக்குக் கோடையில் வரும் பிரிண்டர்களில் நான் அதிகம் பார்ப்பதும் இதைத்தான். பவர் கட் ஆகும்போது நம்மால் எதுவும் செய்ய முடியாது. மின்சாரம் வந்ததும் பிரிண்டரை ஒருமுறை இயக்கி, முறையாக அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குப் போய்விடும்.

இரண்டாவது, குழாயில் காற்று. கீழ்க்கோட்டுக்குக் கீழே மை போனால் குழாய் காற்றை இழுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அந்தக் காற்று நடுவில் நிற்கும்.

முதலில் காய்ந்ததை இளக்குவோம். பிரிண்டரை இயக்கி, ஹெட் இடப்பக்கம் நகரும் நேரத்தில் மின்வயரை உருவுங்கள். இப்போது ஹெட்டைக் கையால் மெதுவாகத் தள்ளலாம். வலது ஓரத்தில் ரப்பர் மூடிக்குள் சிறு பஞ்சு தெரியும். அதில் டிஸ்டில்டு வாட்டரைச் சொட்டுச் சொட்டாக, மூடி நிறையும்வரை விடுங்கள். ரப்பரின் விளிம்பில் படிந்த பழைய மையை நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். விளிம்பு சுத்தமாக இல்லாவிட்டால் உறிஞ்சும் விசை கசிந்துவிடும். பிறகு ஹெட்டை அதன்மேல் தள்ளி இரவு முழுவதும் விடுங்கள்.

காலையில் ஒரே ஒரு ஹெட் கிளீனிங், பிறகு நாசில் செக். மற்ற நிறங்கள் நன்றாக வருவதால் பம்ப் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. கோடுகள் கூடியிருந்தும் குழாயில் வெளுப்பு நின்றால், பவர் கிளீனிங் என்ற அமைப்பை ஒருமுறை மட்டும் ஓட்டுங்கள். அது குழாயில் இருக்கும் மை முழுவதையும் இழுத்துப் புதிதாக நிரப்பும். நான்கு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மை இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னும் காற்று ஏறும். அதற்கும் சரியாகாவிட்டால் உடனே மறுபடி ஓட்டாமல் 12 மணி நேரம் அணைத்து வையுங்கள். சின்னக் குமிழிகள் அந்த ஓய்வில் தாமாகவே மேலேறிவிடும். பொறுமையில்லாமல் ஓட்டி ஓட்டியே ஹெட்டைக் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. புது ஹெட் வாங்கும் விலைக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பிரிண்டரே வாங்கலாம்.

ஆரணி பட்டு டிசைன்:

காத்திருக்கும் பெற்றோருக்காக ஒரு வழி சொல்கிறேன் அக்கா. அச்சு அமைப்பில் தாள் வகையைச் சாதாரணத் தாளுக்குப் பதில் போட்டோ தாள் என்று மாற்றுங்கள். நிறமிக் கருப்பு உள்ள பல மாடல்களில், போட்டோ தாளென்றால் பிரிண்டர் கருப்பு டேங்கைத் தொடாது. மற்ற மூன்று நிறங்களைக் கலந்து கருப்பை உண்டாக்கும். உள்ளே வைப்பது வெள்ளைத் தாளாகவே இருக்கட்டும். எழுத்து சற்றுப் பழுப்பாக விழும், ஆனால் படிக்கலாம். சேலை முந்தானை டிசைன்களை அச்சிடும்போது கருப்பு தீர்ந்துபோனால் நான் இப்படித்தான் சமாளிக்கிறேன். கிரேஸ்கேல் (கருப்பு வெள்ளை அச்சு) என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் எழுத்து கரையும் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

குடியாத்தம் தட்டச்சுக்கடை:

ஆரணித் தம்பி, போட்டோ தாள் வழி வேலை செய்தது. நேற்று வந்த எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்தேன். அண்ணா, ஊறவைத்த பிறகு இன்று காலை முக்கால்வாசிக் கோடுகள் வந்துவிட்டன. குழாயில் வெளுப்பு அப்படியே இருந்ததால் டேங்குகளை நிரப்பி பவர் கிளீனிங் ஓட்டினேன். இப்போது குழாய் முழுக்கக் கருப்பு, எழுத்தும் அழுத்தமாக விழுகிறது. இனி ரப்பர் மூடிமேல் ஹெட் போன பிறகே மெயினை அணைக்கும்படி பையனிடமும் சொல்லிவிட்டேன். இன்னொரு சந்தேகம். மலிவாகக் கிடைக்கிறதென்று உறவினர் ஒருவர் வேறு கருப்பு மை பாட்டில் கொடுத்திருக்கிறார். ஊற்றலாமா?

வேலூர் பிரிண்டர் மெக்கானிக்:

மகிழ்ச்சி சகோதரி. அந்தப் பாட்டிலின் லேபிளில் சாய மையா நிறமி மையா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லையென்றால் ஊற்றாதீர்கள். இரண்டும் கலந்தால் சில மைகள் குழாய்க்குள்ளேயே கட்டிதட்டும், அதை ஊறவைத்துச் சரிசெய்ய முடியாது. உங்கள் மாடலின் கையேட்டில் உள்ள மை எண்ணும் பாட்டிலில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கருப்பு கீழ்க்கோட்டை நெருங்கும் முன்பே ஊற்றிவிடுங்கள், சான்றிதழ் கடையில் அதுதான் முதலில் தீரும். கடையை மூடும் நாட்கள் வந்தால், திறந்ததும் வாடிக்கையாளரின் தாளை வைப்பதற்கு முன் ஒரு நாசில் செக் எடுத்துப் பாருங்கள்.