அமெரிக்கச் சட்டம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்: செஸ்டாக் விவகாரம்

நண்பர்களே, 2010 அமெரிக்க செனட் தேர்தலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பென்சில்வேனியாவில் அப்போதைய செனட்டர் ஆர்லன் ஸ்பெக்டரை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் நின்றவர் ஜோ செஸ்டாக். விலகிக்கொண்டால் பதவி தருவதாக வெள்ளை மாளிகைத் தரப்பில் பேசினார்கள் என்று பிப்ரவரியில் சொன்னார். மே மாதம் உட்கட்சித் தேர்தலில் அவரே வென்றார். அதன் பிறகுதான் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ராபர்ட் பாயரின் விளக்கக் குறிப்பு வந்தது: அப்போதைய வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலர் ராம் இமானுவேல் கேட்டுக்கொண்டபடி முன்னாள் அதிபர் பில் கிளின்டன் செஸ்டாக்கிடம் பேசினாராம், பேசியது ஊதியமில்லாத ஆலோசனைக் குழுப் பதவியாம். சம்பளமே இல்லாத பதவிக்காக செனட் போட்டியை யார் விடுவார்? எனக்கு இது சரியாகப் படவில்லை.

இதேபோல், கொலராடோவில் அதே கட்சியின் செனட் உட்கட்சித் தேர்தலில் நின்ற ஆண்ட்ரூ ரோமனாஃபுக்கு வெள்ளை மாளிகைத் துணைத் தலைமை அலுவலர் ஜிம் மெசினா அனுப்பிய மின்னஞ்சலில் மூன்று பதவிகளின் விவரம் இருந்தது. உறுதி எதுவும் தரப்படவில்லை என்று ரோமனாஃபே சொல்லியிருக்கிறார்.

அரசியல் செயல்பாட்டுக்குக் கைம்மாறாக அரசு வேலை தருவதாக வாக்களிப்பது கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 600-ஆம் பிரிவின்படி குற்றம். ஓராண்டு வரை சிறை. போட்டியிலிருந்து விலகுவதும் இந்தப் பிரிவு சொல்லும் 'அரசியல் செயல்பாடு' ஆகுமா? இதுபோன்ற பேரத்துக்காக யாராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா? தீர்ப்பு ஏதேனும் தெரிந்தால் வழக்கின் பெயரையும் ஆண்டையும் சொல்லுங்கள். மெசினாவின் மின்னஞ்சல் முழுமையாக யாரிடமாவது இருந்தால் அதையும் பகிருங்கள். கட்சிச் சண்டை மட்டும் வேண்டாம்.